வெடிச் சத்தம் ஆகாதவர் வீட்டில் தீபாவளி: முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்கு

கார்கிலில் ஷெல் விழுந்ததைப் பார்த்தவர் லட்சுமி வெடிக்குப் பயப்படுகிறார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அது லட்சுமி வெடிதான் என்பது அவருக்கும் தெரியும். தெரிவதற்குள் உடம்பு சுவரோரம் ஒதுங்கிவிட்டிருக்கும். நெஞ்சு படபடக்கும், பல் கடிக்கும், அடுத்த இரண்டு மணி நேரம் யாரோடும் பேச்சு இருக்காது. பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) உள்ளவர்களுக்கு இது சகஜம். எதிர்பாராத சத்தம்தான் அதிகம் தாக்கும். வெடிமருந்து நெடியும் சும்மா விடாது.

ஐப்பசியில் தீபாவளி என்றால் ஆவணியிலேயே டாக்டரைப் பாருங்கள். இதற்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரை பலன் தரவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) கார்டு, டிஸ்சார்ஜ் புக், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அதன் பாலிகிளினிக் போய், மனநல மருத்துவரைப் பார்க்க ரெஃபரல் கேளுங்கள். “தூக்கம் வரல” என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும். கெட்ட கனவு வாரத்தில் எத்தனை நாள், எந்தச் சத்தத்துக்குத் துள்ளுகிறார், எங்கெல்லாம் போக மறுக்கிறார் என்று எழுதிக் கொடுங்கள். கனவுக்குப் பிரசோசின் கொடுத்தால் முதல் சில நாள் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை நீங்களே வாங்கித் தராதீர்கள். பழக்கமாகிவிடும், நோய் தீராது. ராணுவ கேன்டீன் சரக்கும் அப்படித்தான். முதல் பாதி இரவு அடித்துப் போட்டதுபோல் தூங்க வைக்கும், மூன்று மணிக்கு எழுப்பிவிடும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கும் ஆபத்து உண்டு. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். அதையும் டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்பிருந்து மூச்சுப் பயிற்சி: மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். காலையும் இரவும் ஐந்து நிமிடம். பழகாமல் அன்றைக்கு மட்டும் செய்தால் கை கொடுக்காது.

காதுக்குப் பஞ்சு போதாது. நுரை அடைப்பானை ஊசி போல உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதை அவசரமாகச் செய்வதால்தான் பாதிப் பேர் “வேலை செய்யல” என்கிறார்கள். அறையில் ஃபேன் ஓடட்டும். முழு அமைதியில் காது அடுத்த வெடிக்காகவே காத்துக் கிடக்கும். தெருப் பக்க ஜன்னலை மூடி, பின்கட்டு அறையைத் தயார் செய்யுங்கள். கதவுக்கு எதிரில் அவர் முகம் இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள்.

வெடிக்கத் தமிழக அரசு சொல்லும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. கடிகாரம் பார்த்து யார் கொளுத்துகிறார்கள்! அவர் சம்மதித்தால் பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “கொளுத்தறதுக்கு முன்ன ஒரு குரல் குடுங்க.” பாதி அதிர்ச்சி அதிலேயே குறையும். ஒவ்வொரு வருடமும் ஊரைவிட்டு ஓடுவது நிம்மதிதான், ஆனால் பயம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். சத்தத்துக்குப் படிப்படியாகப் பழக்குவதைச் சிகிச்சையாளர் செய்யட்டும். நீங்கள் போனில் வெடிச் சத்தம் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

இரவில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். கண் திறக்கும் முன்பே கை வீசிவிடுவார். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் இரண்டு முழமாவது தள்ளி நின்று, வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லுங்கள். “என்னங்க, இது நம்ம வீடு. மணி ரெண்டு. வெளிய பட்டாசு.” இதையே அதே குரலில் திரும்பத் திரும்ப. எழுந்ததும் பாதம் தரையில் பதியட்டும், முகத்தில் குளிர்ந்த தண்ணீர், கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். என்ன கனவு என்று அப்போது கேட்காதீர்கள்.

வங்கிக் காவலர் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர், “இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சை எடுத்தால் பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். அவரோடு பேசி, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். சாவு எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அன்றிரவு தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். கையில் ஆயுதம் இருந்தால் அவசர உதவி எண் 112.