பனிக்குட நீர் எடுக்கும் முன்: ஒரு நர்ஸின் குறிப்பு

கருவின் குரோமோசோம் சோதனைக்காகப் பனிக்குட நீர் (கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் நீர்) எடுக்க வரும் பெண்ணைப் படுக்க வைத்துவிட்டு எதையும் விளக்காதீர்கள். மல்லாந்து படுத்ததுமே பாதிப் பேச்சு காதில் ஏறாது. நான் எதிரெதிரே உட்கார்ந்துதான் ஆரம்பிப்பேன். கூட வந்தவரும் உட்காரட்டும்.

முதலில் ஃபைல். கர்ப்பம் 15 வாரம் நிறைந்ததா, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி முடிவுகள் இருக்கின்றனவா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுப்பது) தேவையா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுத் தயாராக வையுங்கள். நீர் எடுத்த பிறகு 72 மணி நேரம் அவகாசம் உண்டுதான். ஆனாலும் அன்றே போட்டு அனுப்புவதுதான் எனக்கு நிம்மதி.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "குழந்தை மேல குத்திடுமா?" "ஒண்ணும் ஆகாது" என்று மழுப்பாதீர்கள். ஸ்கேன் திரையில் ஊசி முனையைப் பார்த்தபடியேதான் நீர் எடுப்பார்கள் என்று சொல்லுங்கள். காலி சிரிஞ்சு ஒன்றை 20 மில்லி கோடுவரை இழுத்து அவர் கையில் கொடுப்பேன். "இவ்வளவுதான் எடுப்பாங்க, திரும்ப ஊறிடும்" என்றதும் இறுகியிருந்த தோள் இறங்குவது தெரியும். ஊசி நீளம், ஆனால் மெல்லியது; ஓரிரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். தோலில் சுருக்கென்று இருக்கும், கருப்பையில் நுழையும்போது மாதவிடாய் வலி போல இழுக்கும். நீர் வெளிர் மஞ்சளாக வருவது இயல்பு என்பதையும் சொல்லிவிடுங்கள், தெரியாதவர்கள் பயந்துபோகிறார்கள்.

கரு கலையும் ஆபத்து சிறியது, 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. படுக்கையில் ஏறிய பிறகும் அவர் "வேண்டாம்" என்று சொல்லலாம். அதை அவர் காதுபடச் சொல்லுங்கள்.

பட்டினி வேண்டாம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும். நீர்க்கசிவு, ரத்தப்போக்கு, காய்ச்சல், விடாத வலி: இந்த நான்கையும், எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது, காத்திருக்கும் நாட்களைப் பற்றிய பேச்சு. முக்கியமான சில குரோமோசோம்களை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனை முடிவு சில நாட்களில் வரும். முழு குரோமோசோம் முடிவுக்கு 2 முதல் 3 வாரம் ஆகும். முடிவை ஃபோனில் கேட்க விருப்பமா, நேரிலா, அப்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இன்றே கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.