கேபினெட் இரைச்சல் குறைய

கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்றதும் பலரும் முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேபினெட்டை, அதாவது கம்ப்யூட்டர் பாகங்களை வைக்கும் பெட்டியைத் தேடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. காற்று நுழைய வழியில்லாமல் உள்ளே சூடேற, ஃபேன்கள் இன்னும் வேகமாகச் சுற்றும். முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டாகப் பாருங்கள். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவ முடிந்தால் இன்னும் நல்லது.

பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே போதுமான காற்றைத் தள்ளிவிடும். இடம் இருந்தால் 120 மி.மீ.க்குப் பதில் 140 மி.மீ. வாங்குங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, சாதாரணமாக இது போதும். கலர் லைட்டுக்காக ஆறேழு மாட்டுவது கண்ணுக்குத்தான் அழகு!

ஃபேன் வயர் முனையில் 4 பின் இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த வகை ஃபேனின் வேகத்தைக் கம்ப்யூட்டரே சூட்டுக்கு ஏற்ப மாற்றும். நேராக பவர் சப்ளையில் செருகும் மலிவு ஃபேன்கள் எந்நேரமும் முழு வேகத்தில்தான் ஓடும்.

என் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தாலே 'உர்ர்' என்று ஏறி இறங்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) போய், சூடு 60 டிகிரி வரை ஃபேன் நிமிடத்துக்கு 700 சுற்று, அதற்கு மேல் மெல்ல ஏறட்டும் என்று வைத்தேன். வேகம் மாறச் சில நொடி தாமதமும் கொடுத்தேன். அப்புறம்தான் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் காதில் விழுந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ரீங்காரம் கேட்டால், ஓடும்போதே பக்கத் தகட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அது தகட்டின் அதிர்வு. திருகை இறுக்குங்கள், அல்லது ஃபேனை ரப்பர் பின்னில் மாட்டுங்கள்.