வேன் ஏசி ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியவை

படுத்துறங்கும் வசதியோடு மாற்றியமைத்த வேனில், மேற்கூரை ஏசியிலிருந்து மெத்தையின்மேல் நீர் சொட்டத் தொடங்கியதும் பலரும் முதலில் தேடுவது சிலிக்கான் குழலைத்தான். காசிமேட்டுப் பக்கம் வேனை நிறுத்திவைக்கும் நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். பழுதுபார்க்க வந்தவர் ஏசியின் அடிவிளிம்பைச் சுற்றிச் சிலிக்கானை அப்பிவிட்டுப் போனார். மறுநாள் முன்னிலும் அதிகமாக ஒழுகியது. ஏசிக்குள் ஊறும் நீர் கூரைமீது வழிந்தோட வேண்டிய பாதையையே நாங்கள் அடைத்திருந்தோம்.

ஆகவே, ஒழுகுவது மழைநீரா, ஏசியில் ஊறும் நீரா என்பதை முதலில் அறிய வேண்டும். குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலவே ஏசியின் காயிலிலும் (காற்றைக் குளிர்விக்கும் சுருள்குழாய்) காற்றின் ஈரம் நீராகிச் சொட்டும். கடலையொட்டிய வடசென்னையில் அந்த நீரின் அளவு சாதாரணமானதன்று. அக்னி நட்சத்திர வெயிலில், மழையே இல்லாத நாளில், ஏசி ஓடும்போது மட்டும் ஒழுகினால் அது காயிலில் ஊறும் நீர். ஏசி அணைந்திருக்கும்போது மழையில் ஒழுகினால், ஏசிக்கும் கூரைக்கும் இடையே நீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டையோ கூரையின் வேறொரு இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

காயிலில் ஊறும் நீராக இருந்தால், வெளியிலிருந்து வரும் மின்இணைப்பையும் இன்வெர்ட்டரையும் துண்டித்துவிட்டு, காய்ந்த கூரையில் பலகை போட்டு ஏறி, மேல்மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். கெப்பாசிட்டர் இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். மின்சாரம் நின்ற பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். காயிலின் அடியிலுள்ள தட்டில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். எண்ணூர் விரைவுச்சாலையின் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி ஈரத்தோடு சேர்ந்து அந்தத் துளைகளில் சேறாக இறுகிவிடுகிறது (என் வேனில் வேப்பஞ்சருகும் இருந்தது). மென்மையான தூரிகையாலும் நீராலும் அதை அகற்றுங்கள். தட்டு ஓட்டையாகிவிடக்கூடும் என்பதால் கம்பியால் குத்த வேண்டாம். பிறகு ஒரு குவளை நீரை மெதுவாகத் தட்டில் ஊற்றினால், அது தேங்காமல் கூரைமீது வடிய வேண்டும்.

துளைகள் சுத்தமாயிருந்தும் ஒழுகினால், வேன் நிற்கும் தரையைப் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் சாலையிலும் மறுபக்கச் சக்கரங்கள் தாழ்ந்த மண் ஓரத்திலும் நின்றால், நீர் துளைக்குச் செல்லாமல் தட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். உள்ளேயுள்ள பில்டரையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பில்டர் அடைபட்டால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனிக்கட்டி படியும். ஏசியை அணைத்ததும் அது உருகி மொத்தமாகக் கொட்டும். சுத்தமான பில்டரோடும் பனி படிந்தால் கேஸ் குறைந்திருக்கலாம். அது ஏசி மெக்கானிக்கின் வேலை.

மழைநீரானால் கேஸ்கெட்டுக்கு வாருங்கள். பெரும்பாலான மேற்கூரை ஏசிகள் 14 அங்குலச் சதுரத் திறப்பின்மேல் தடித்த பஞ்சு கேஸ்கெட்டோடு உட்கார்ந்து, உள்ளிருந்து வரும் 4 போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். வேன் குலுங்கக் குலுங்க அவை தளர்வதுண்டு. ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கேஸ்கெட் அதன் தடிமனில் ஏறத்தாழப் பாதியாக அமுங்கினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் அது நசுங்கிப் பயனற்றுப் போவதோடு கூரைத் தகடும் வளையும். ஏற்கெனவே தட்டையாகி விறைத்திருந்தால் புதியதைத்தான் மாற்ற வேண்டும். ஏசியைத் தூக்க இருவர் தேவை. பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுமையாக நீக்கி, தகட்டைத் துடைத்து உலர்த்திய பிறகே புதிய கேஸ்கெட்டை வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, ஏசியை அணைத்துவிட்டு, ஒருவர் கூரையின் நாற்புறமும் ஹோஸ் பைப்பால் நீர் விட, மற்றவர் உள்ளே டார்ச்சோடு கேஸ்கெட்டின் ஓரத்தைக் கால் மணி நேரம் கவனித்துவிடுங்கள்.