ஒரு நாள் சிறுவர் இல்லத்துக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா நெருங்கும்போதே கனடா, சுவிஸ், லண்டன் என்று எல்லாப் பக்கமிருந்தும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, ஊருக்கு வாறம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சிறுவர் இல்லத்தில ஒரு நாள் நிண்டு உதவி செய்ய வேணும். எங்க போகலாம்?" கல்லடிப் பக்கம் பெண் பிள்ளைகள் இல்லமொன்றில் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால்தான் என்னைக் கேட்கிறார்கள்.

வாருங்கள். ஆனால் அந்த ஒரு நாளை இல்லத்தின் வேலைக்குக் கொடுங்கள். ஒரே நாளில் பிள்ளையோடு ஒட்டிப் பழகிவிட்டுப் போவது நல்லதல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பமொன்று பின்னேரம் முழுக்க ஒரு சின்னப் பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தது. புறப்படும்போது அவள், "மறுகா எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். "கெதியா வருவம்" என்றார்கள். அடுத்து வந்த சனிக்கிழமைகளில் ரோட்டில் வான் சத்தம் கேட்டால் போதும், கணக்கை அப்படியே விட்டுவிட்டுக் கேற்றடிக்கு ஓடுவாள். அந்தக் குடும்பம் அன்போடுதான் வந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இது நம் ஊரில் மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. சுற்றுலா வருகிறவர்கள் இல்லங்களில் செய்யும் தொண்டால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது.

முதலில் இடத்தைச் சரி பாருங்கள். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் இல்லம் பதிவாகியிருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் விசாரிக்கலாம். அப்புறம் இல்லப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, எத்தனை பேர், எந்த நேரம், என்ன வேலை என்று கதையுங்கள். யார் எவர் என்று கேள்வி கேட்கிற இல்லம்தான் நல்ல இல்லம். ஒன்றும் கேட்காமல் பிள்ளைகள் படுக்கும் அறை வரை விடுகிற இடத்துக்குப் போகாதீர்கள். போன இடத்தில் மனதுக்குச் சரியில்லாத எதையாவது கண்டால் 1929க்குச் சொல்லுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

பள்ளிக்கூட நாளொன்றில் காலையில் போவது நல்லது. பிள்ளைகள் மத்தியானம் தாண்டித்தான் வருவார்கள், அதுவரை கைநிறைய வேலை இருக்கும். தண்ணீர்த் தாங்கி கழுவலாம், ஒழுகுகிற பைப்பை மாற்றலாம், மாரி தொடங்குமுன் பீலிக்குள் அடைந்த சருகை அள்ளலாம்.

நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது நுளம்பு வலை தைக்கிற வேலை. கார்த்திகை, மார்கழி மழையோடு நுளம்பும் டெங்குப் பயமும் வந்துவிடும், எந்த இல்லத்திலும் பாதி வலை கிழிந்துதான் கிடக்கும். கழுவிக் காய்ந்த வலையை இரண்டு பேர் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மூன்றாவது ஆள் ஓட்டை கண்ட இடமெல்லாம் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போகட்டும். விரல் நுழைகிற ஓட்டையென்றால் அதன் விளிம்பைச் சுற்றித் தைத்து நூலை மெல்ல இழுத்தால் மூடிக்கொள்ளும். பெரிய கிழிசலை அப்படி இழுத்தால் வலை சுருங்கி, பக்கத்தில் இன்னொரு இடம் பிய்ந்துவிடும். அதற்குக் கழித்துவிட்ட பழைய வலையில் துண்டு வெட்டி, கிழிசலைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக வைத்துச் சுற்றித் தையுங்கள். கால்மாட்டுப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் நித்திரையில் உதைத்து அங்கேதான் அதிகம் கிழியும். கூட்டிவந்த உங்கள் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இது.

சாப்பாடு கொடுக்க விருப்பமென்றால் குசினிக் கலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஆடி அமாவாசைக்கு எல்லாரும் தகப்பன்மார் நினைவாகக் கொடுப்பார்கள், ஒரே நாளில் மூன்று வீட்டுச் சோறு வந்து மிஞ்சும். தீபாவளி, பொங்கலும் அப்படித்தான். யாரும் வராத செவ்வாய், புதனைக் கேட்டு எடுங்கள். பார்சல் வேண்டாம், சாமானை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைப்பார்கள். மீனும் சொதியும் கடைசியில் ஒரு கரண்டி சட்டித் தயிரும் இருந்தால் பிள்ளைகளுக்கு அது பெரிய சாப்பாடு. சவர்க்காரம், தேங்காயெண்ணெய், பெரிய பிள்ளைகளுக்கு நாப்கின், இதெல்லாம் எப்போதும் தட்டுப்பாடுதான், ஆனால் யாரும் கொண்டுவருவதில்லை.

பிள்ளைகள் வந்ததும் அவர்களோடு வரிசையில் இருந்து சாப்பிடுங்கள், கேரம் விளையாடுங்கள், படிக்கிற நேரத்துக்கு முன் புறப்படுங்கள். முகம் தெரிகிற படம் ஒன்றும் எடுக்க வேண்டாம், பேஸ்புக்கில் போடவே வேண்டாம். உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை அவர்கள் நடுவில் வைத்து வெட்டாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒன்றும் கொடுக்காதீர்கள். பாசிக்குடாக் கடற்கரை காட்டுகிறோம் என்று வானில் ஏற்றாதீர்கள்.

"அம்மா அப்பா எங்கே?" என்றும் கேட்காதீர்கள். இலங்கையின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ, சிலருக்கு இருவருமே உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனது, தகப்பன் வேறு கலியாணம் செய்தது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அந்தப் பிள்ளைக்கு இல்லை.

காசாகத்தான் கொடுக்கப் போகிறீர்களென்றால் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க வருகிற தாய்க்குப் பஸ் காசு கொடுங்கள். வாகரை, படுவான்கரை என்று தூரத்திலிருந்து வருகிற தாய்க்கு ஒரு நாள் கூலியும் போகும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். அதனாலேயே மாதாமாதம் வர வேண்டியவள் பொங்கலுக்கு ஒரு தரம்தான் வருகிறாள். ஒரு வருடத்துக்கான காசைப் பொறுப்பாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எந்தப் பிள்ளையின் தாய்க்கு என்பதை அவரே முடிவு செய்யட்டும்.