வீட்டிலேயே உடல் கொழுப்பைக் கணக்கிடுவது எப்படி?

நடக்கத் தொடங்கிய பிறகு என் எடை அசையவே இல்லை. பேண்ட் மட்டும் தளர்ந்துகொண்டே வந்தது. கொழுப்பு குறைந்து தசை கூடினால் அப்படித்தான் இருக்கும். எடை மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். தையல்காரர் டேப், எடை மெஷின், ஒரு நோட்டு போதும்.

முதல் படி: பிஎம்ஐ

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண் இது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். இந்தியர்களுக்கு 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள். குளச்சலில் வலை இழுக்கும் ஒருவர் 170 செ.மீ. உயரம், 76 கிலோ என்று வையுங்கள்: பிஎம்ஐ 26.3. நாகர்கோவிலில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர் அதே உயரம், 64 கிலோ: 22.1. வயிற்றை அளந்தால் முதலாமவர் 82 செ.மீ., இரண்டாமவர் 93 என்று வரலாம். கவலைப்பட வேண்டியவர் இரண்டாமவர்தான்.

இரண்டாம் படி: வயிற்றுச் சுற்றளவு

பலரும் தடுமாறும் இடம் இது. பேண்ட் சைஸைச் சொல்லக்கூடாது. பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும். விலாப்பக்கம் விரலால் அழுத்தி, கடைசி விலா எலும்பு முடியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. சாரத்தை (லுங்கியை) தாழ்த்திக் கட்டிக்கொண்டு, டேப்பை அந்தப் புள்ளி வழியாக வெறும் தோலில் சுற்றுங்கள். முதுகுப்பக்கம் டேப் கீழே சரிந்துவிடும்; கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று சரிபாருங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் எண்ணைப் படியுங்கள். டேப் தோலைத் தொட்டால் போதும், அழுந்தக்கூடாது. இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்.

ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின்

இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்துகிறது. நீர் நிறைந்த தசையில் அது எளிதாக ஓடும், கொழுப்பில் தடைபடும். மீதியெல்லாம் வயது, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும் மின்சாரத்துக்கு மேலுடம்பைப் பற்றி அதிகம் தெரியாது. நம்மூர் வெயிலில் வியர்த்துவிட்டு வந்து ஏறினால் எண் மாறிவிடும். அதனால் காலையில், கழிப்பறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன், வெறுங்காலோடு, டைல்ஸ் தரையில் வைத்து ஏறுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல், மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

டெக்சா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்தே காட்டும். ஆனால் தொப்பையைக் கவனிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தண்ணீருக்குள் எடை பார்க்கும் பழைய முறையும் உண்டு: தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.9, மற்றவை சுமார் 1.1. குழித்துறை ஆற்றில் சிலர் சிரமமில்லாமல் மல்லாந்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்சேர்க்கை: சேலை கட்டும் அக்காமார் சிலர் கேட்டிருந்தார்கள். பாவாடை நாடா பதிந்த தடத்தில் அளக்காதீர்கள். நாடாவைத் தளர்த்திவிட்டு, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலேயே அளங்கள். இன்னொன்று: கால் வீங்கி, வயிறும் சட்டென்று பெருத்தால் அது நீர் கோர்த்ததாக இருக்கலாம். டேப்பை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.