வெயில் ஆட்டத்தின் இடைவேளையில் விடுகிற தவறுகள்

வன்னியில் வைகாசி, ஆனி மாதங்களில் பின்னேரம் நான்கு மணிக்கு ஆட்டம் வைத்தாலும் தரை சுட்டுக்கொண்டுதான் இருக்கும். கரப்பந்தோ உதைபந்தோ, இடைவேளை விட்டதும் பெடியள் போய் இருப்பது மைதான ஓரத்துத் தகரக் கொட்டகைக்குள். முதல் தவறு அதுதான். காய்ந்த தகரம் மேலிருந்து சூட்டை இறக்கும், காற்றும் உள்ளே வராது. பக்கத்தில் வேம்போ மருதோ நின்றால் அந்த நிழலுக்குப் போங்கள்.

அடுத்தது, தலையில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, உடனே துவாயால் துடைப்பது. தோலில் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் உடம்பின் சூடும் போகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். துடைத்துவிட்டால் அது கிடைக்காது. தலை குளிர்ந்ததும் உடம்பே ஆறிவிட்டது போலத் தோன்றும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். அந்தத் தெம்பில் இன்னும் வேகமாக ஓடுவது ஆபத்து. சேட்டைக் கழற்றி, கை, கால், முதுகு எல்லாம் நனைத்துக் காற்றுப் படும்படி இருங்கள். வறண்ட கச்சான் காற்று இதற்கு நல்ல துணை.

மாரிக்கு முந்திய புழுக்கத்தில் இது அவ்வளவு பலிக்காது, ஈரம் காயவே காயாது. அப்போது ஐஸ் வேண்டும். ஒரு றெஜிபோம் பெட்டியில் ஐஸ் தண்ணீர் விட்டுத் துவாய்களை ஊறப்போடுங்கள். கழுத்திலும் மார்பிலும் போட்ட துவாய் சூடேறினால் உடனே மாற்ற வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் வாளியில் முழங்கை வரை கைகளை வைப்பதும் நல்லது. ஆனால் அரை நிமிடத்தில் எடுத்தால் பயனில்லை, பாதியாட்ட இடைவேளையில் 10 நிமிடமாவது வையுங்கள்.

வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிக்கும் ஜீவனித் தூளைப் பையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். உடம்பு சுடுகிறதே என்று பனடோல் போடாதீர்கள். இது காய்ச்சல் சூடு இல்லை, மாத்திரைக்குக் குறையாது.

2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்து, மெக்சிகோ ஆட்டத்தையே வெயிலுக்காக இடையில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். ஊர்ச் சுற்றுப்போட்டியில் மத்தியஸ்தரிடம் அதைக் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

ஒருவர் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தால், அது வெப்பத்தாக்கம். 1990 என்ற ஆம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டு வாகனத்துக்காகச் சும்மா காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஐஸ் பட்டால் நரம்பு இழுக்கும் என்று பயப்பட வேண்டாம். நிழலில் கிடத்தி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.