தஞ்சாவூர்ப் பக்கம் பிள்ளைகளோடு குடிபோக இடம் பார்ப்பவர்களுக்கு

பெரும்பாலானவர்கள் நல்ல பள்ளிக்கூடம் எது என்று விசாரித்துவிட்டு அதைச் சுற்றி வீடு தேடுகிறார்கள். அதற்கு முன்னால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். தெற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு, வடக்கே வெண்ணாற்றைத் தாண்டினால் நஞ்சை. நஞ்சையில் போட்ட நகர்களில் பல, கொஞ்ச வருஷம் முன்புவரை நெல் விளைந்த வயல்கள்தான், பாசன வாய்க்காலையும் வடிகாலையும் தூர்த்து ரோடு போட்டிருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

சித்திரை வெயிலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து "2018 கஜா புயலப்போ இங்க கரண்ட் வர எத்தனை நாள் ஆச்சுண்ணே?" என்று கேளுங்கள், வீட்டுக்காரர் சொல்லாததெல்லாம் அங்கே தெரிந்துவிடும். மனையே வாங்குவதென்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்று இவற்றோடு கிராம வரைபடத்தையும் வாங்கி, வாய்க்கால் புறம்போக்கு எங்கே போகிறது என்று சரிபாருங்கள்.

சரி, பள்ளிக்கூடம். கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் பார்த்து மயங்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அந்த வருஷமே நடத்துகிறார்களா, அல்லது நேராகப் பன்னிரண்டுக்குத் தாவிவிடுகிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள், இது ஒன்றே பாதி சொல்லிவிடும். அரசுப் பள்ளியை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது, மறு வருஷம் பொறியியல், வேளாண்மைக்கும் வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் மாற்றினால் இது கிடைக்காது, அதனால் ஐந்தாம் வகுப்பு முடியும்போதே யோசியுங்கள்.

எதுவானாலும் பிள்ளை சைக்கிளில் போய் வருகிற தூரத்தில் இருக்கட்டும். காலை எட்டரை மணிக்கு அந்த வழியில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரம் வேனில் குலுங்கி வரும் குழந்தை சாயங்காலம் எதை விளையாடும், எதைப் படிக்கும்?

வழியில் கல்லணைக் கால்வாய், நம்ம புது ஆறு, குறுக்கே வந்தால் கூடுதல் கவனம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும், 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் சில நாளில் இங்கே தண்ணீர் வந்துவிடும். பார்க்க அமைதியாகத்தான் ஓடும், ஆனால் இழுப்பு பலமாக இருக்கும், கரையும் வழுக்கும். அதற்கு முந்தின கோடை லீவிலேயே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிடுங்கள், கற்றபிறகும் பெரியவர்கள் இல்லாமல் ஆற்றில் இறங்க விடாதீர்கள்.